என் வீட்டுக் கரண்ட்

இந்தத் தேநீர் விறகடுப்பில் போட்டது, குடியுங்கள் ஐயா. மகள் ஒரு கரண்ட் கேத்தல் வாங்கிக் கொடுத்தாள். அது ஒரு தடவை கொதிக்கக் குடிக்கிற கரண்டில் ஒரு பல்பை விடிய விடிய எரிக்கலாம் என்று அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன். வெயிலை நம்பிக் குடித்தனம் நடத்துகிறவன் இப்படி எல்லாவற்றிலும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கத்தான் வேண்டும்.

நீங்கள் அதிகம் விசாரிக்கத் தேவையில்லை. கரண்ட் போனதால் மெசின் நின்று, என் மனைவி இசபெல் மூச்சு முட்டி இறந்துவிட்டாள் என்று கீழே லயத்து வரிசை வீட்டில் இருக்கிற நல்லமுத்து பொலிஸில் உங்களிடம் சொல்லியிருக்கிறான். நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறான். ஆனால் அது பொய். அதைத் திருத்தத்தான் உங்களை இவ்வளவு தூரம் மேலே ஏறி வரச் சொன்னேன்.

நீங்கள் மட்டக்களப்பு என்றீர்கள். அப்படியானால் கவ்வாத்து பார்த்திருக்க மாட்டீர்கள். உடம்பில் தெம்பு இருந்தவரை நான் பார்த்த வேலை அது. கொழுந்து பறித்துக்கொண்டே இருந்தால் தேயிலைச் செடி களைத்துப்போகும். அதை வெறும் குச்சியாகும்வரை வெட்டிச் சும்மா விட்டுவிட வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் செத்த செடியாகத்தான் தெரியும். சில மாதம் போனால் துளிர்க்கும். களைத்த எதற்கும் ஓய்வுதான் மருந்து என்று செடிதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

இந்த வீட்டுக்கு ஏன் கம்பத்துக் கரண்ட் எடுக்கவில்லை என்று பூண்டுலோயாக் கடைத்தெருவில்கூடக் கேட்பார்கள். எனக்கு வேண்டாம், அவ்வளவுதான். என் அப்பா இறந்தபோது தோட்டத்தில் சம்பளப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் லயத்துக்கு மட்டும் தோட்டத்துக்காரர்கள் கரண்டை வெட்டிவிட்டார்கள். பிணத்தை இருட்டில் போட்டுவிட்டு, எங்களை வேலை வாங்குகிற கண்டாக்கையா வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"நாளைக்கு வேலைக்கு எறங்குறேன்னு சொல்லு. லைட்டு தன்னால வரும்" என்றார் அவர்.

சொன்னேன். லைட்டும் வந்தது. அந்த வெளிச்சத்தில் அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அதனால்தான் லயத்துக்கு மேலே வீடு கட்ட நிலம் கிடைத்ததும் கூரையில் சோலார் தகடு போட்டேன். என் வீட்டுக் கரண்டை இனி எவனும் வெட்ட முடியாது என்று இசபெல்லிடம் சொன்னேன். "மேகம் வெட்டுமேங்க" என்று சிரித்தாள். அவள் பேச்சு அப்படித்தான், வெடுக்கென்று இருக்கும். எனக்கும் அது பிடிக்கும்.

லயத்து அடுப்புப் புகையை வாழ்நாளெல்லாம் குடித்த நெஞ்சு அவளுக்கு. போன வருடம் மூச்சு அடைக்கத் தொடங்கியது. கொழும்பில் வேலை செய்கிற மகள் ஷெரோமி ஒட்சிசன் மெசின் ஒன்று வாங்கி அனுப்பினாள். எந்நேரமும் போட்டிருக்க வேண்டும் என்றார் டாக்டர். வெயில் இருந்த மாதங்களில் ஒரு குறையும் இல்லை. மூக்கில் குழாயோடு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, கொழுந்துக்குப் போகிற பெண்களோடு வம்பளப்பாள்.

பிறகு மழைக்காலம் வந்தது. எங்கள் மலையில் மழைகூடப் பரவாயில்லை, பனிமூட்டந்தான் பாவி. தகட்டின் மேல் ஈரத்துணி போர்த்தின மாதிரி நாள் முழுக்கக் கிடக்கும். ஏணி வைத்து ஏறி, சாரத்தை அவிழ்த்துத் தகட்டைத் துடைப்பேன். இறங்குவதற்குள் மறுபடி நனைந்துவிடும். லைட் போடுவதை நிறுத்தினேன், ரேடியோவை நிறுத்தினேன், போனைக் கீழே கடையில் கொடுத்துச் சார்ஜ் பண்ணினேன். அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு பொழுது வெயில் கொடு என்று முழங்காலில் நின்று அழுதேன். பேட்டரிப் பெட்டியில் சிவப்புக் கோடு ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

பேட்டரி விற்றவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், பாதிக்குக் கீழே போக விடக்கூடாது, விட்டால் பேட்டரி செத்துவிடும் என்று. பேட்டரி செத்தால் நாளைக்கு இசபெல்லுக்கு எது? அதனால் கோடு பாதியைத் தொட்டதும் மெசினைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தேன். முதலில் ஒரு செபமாலை சொல்லி முடிக்கிற நேரம். பிறகு அதைவிடக் கூட. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நெஞ்சும் தானாக வேலை செய்யப் பழகும் என்று நினைத்தேன்.

"பேட்டரி களைச்சுப் போச்சு இசபெல். கொஞ்சம் ஓய்வு குடுப்போம்" என்பேன்.

"மூச்சு வாங்குறது பேட்டரிக்கா, எனக்காங்க?" என்று கேட்டாள் ஒருநாள். இரண்டு தடவை நிறுத்தி நிறுத்தித்தான் அதைச் சொல்ல முடிந்தது.

ஷெரோமி போனில் அழுதாள். "அப்பா, அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இல்லாட்டி நல்லமுத்து மாமா வீட்டுலயாவது படுக்க வைங்க. அங்க கரண்ட் இருக்குதானே." லயத்துக்குத் திரும்பிப் போகவா? பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். நல்லமுத்துவும் ஏறி வந்து கெஞ்சினான். "தலைக்கு மேல வெள்ளம் போகுது, இதுல என்ன ரோஷம்ணே? ஒரு வயர் இழுத்தா முடிஞ்சுது." வேண்டாம் என்றேன். அந்தக் கரண்ட் தோட்டத்துக் கரண்ட். இன்றைக்குக் கொடுப்பார்கள், நாளைக்கு வெட்டுவார்கள். மறுபடியும் யார் வாசலிலாவது கையைக் கட்டிக்கொண்டு நிற்க நான் தயாராக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போன நேரம் பார்த்து, அவனும் அவன் மனைவி பூரணியும் வேலையை முடித்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது, தேயிலைக்கு மேலாகச் சவுக்குக் கம்புகளில் கட்டிய ஒரு வயர் லயத்திலிருந்து ஏறி என் ஜன்னலுக்குள் போயிருந்தது. உள்ளே மெசின் ஓடிக்கொண்டிருந்தது. இசபெல் எழுந்து உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். உதட்டில் நீலம் இல்லை.

"நல்லாத் தூங்குனேங்க. எத்தன நாளாச்சு" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆத்திரந்தான் வந்தது. என் வீட்டில், என் கூரைக்குக் கீழே, அவள் அவர்களுடைய மூச்சை வாங்கிக்கொண்டிருந்தாள். அன்று இரவு முழுக்க அந்த மெசின் சத்தம் எனக்குக் கண்டாக்கையாவின் குரலாகவே கேட்டது.

திங்கட்கிழமை காலையில் நல்லமுத்துவும் பூரணியும் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனதும் கீழே இறங்கினேன். ஈரத் தேயிலைக்கு நடுவே வயர் போகிறது, கொழுந்தெடுக்கிற பெண்களுக்கு ஆபத்து என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். அவர்கள் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் இருந்த பிளக்கைக் கழற்றினேன். பிறகு கவ்வாத்துக் கத்தியால் வயரை ஒரே வெட்டில் வெட்டினேன். பழகிய கை, பிசிறு விழவில்லை. அவர்கள் பக்கத்து வயரைச் சுருட்டி, நனையாமல் இஸ்தோப்பில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்தவன் பொருளை நான் வீணாக்க மாட்டேன். அந்தச் சுருளைப் பார்த்த பிறகும் நல்லமுத்து உங்களிடம் கரண்ட் போய்விட்டது என்றுதான் சொல்லியிருக்கிறான், பாவம்.

நான் மேலே வந்தபோது மெசின் நின்றுபோய்க் கீ, கீ என்று கத்திக்கொண்டிருந்தது. அதை அணைத்தேன். இசபெல் என்னைப் பார்த்தாள், பிறகு என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் எங்கள் சோலார் பிளக்கும் சுவிட்சும் இருக்கிறது, நீங்களே பாருங்கள், கைக்கு எட்டும் தூரந்தான். மெசின் வயரை மறுபடி அதில் போட அவள் கை அதைத் தேடிப் போனது. அந்தக் கையை எடுத்து என் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டேன்.

"பொறு இசபெல். வெயில் வந்துரும்" என்றேன்.

அவள் கையை இழுத்தாள். கொழுந்து பறித்த கை ஐயா, பலம் இருந்தது. நான் விடவில்லை. பிறகு அவள் இழுக்கவில்லை. அசதியில் கண் அயர்கிறாள், ஓய்வெடுக்கட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கை சில்லிட்ட பிறகும் விடவில்லை. அன்று மத்தியானம் மூட்டம் விலகி நல்ல வெயில் அடித்தது. ஏறிப் போய்த் தகட்டைத் துடைத்துவிட்டுத்தான் ஷெரோமிக்குப் போனில் சொல்லப் போனேன்.

வயரை வெட்டியதும் நான்தான், கையைப் பிடித்ததும் நான்தான். கொலை என்று எழுதுவீர்களோ வேறென்ன எழுதுவீர்களோ, எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நல்லமுத்து சொன்ன அந்த ஒரு பேச்சை மட்டும் அடித்துவிடுங்கள். என் வீட்டில் கரண்ட் போகவில்லை ஐயா. அவள் கடைசி மூச்சு விடும்போதும் பேட்டரியில் பாதி இருந்தது. அதை ஒரு பொட்டுக்கூடக் குறையாமல் நான் காப்பாற்றினேன்.