அப்னாவின் நிக்காஹ் சாட்சி

— அப்ப போய்ச் சொல்லியே போட்டீங்களா, அப்னாட வாப்பா?

— சொன்னன். ளுஹர் தொழுதிட்டு வெளிய வரக்குள்ள பள்ளி வாசல்லயே வச்சிச் சொன்னன். "மீராமுகைதீன் காக்கா, நாளைக்கு மகள்ட நிக்காஹுக்கு நீங்க சாட்சிக் கையொப்பம் வைக்கத் தேவல்ல, நான் வேற ஆள் பாத்திட்டன்" எண்டு. சிங்களத்துல சொல்றாப்போல, ஹரி, முடிஞ்சி.

— யா அல்லாஹ்! புள்ள ஆசப்பட்டுக் கேட்ட ஒண்டே ஒண்டு அதுதானே. நக கேட்டாளா, பெரிய ஹோல் எடுங்க எண்டு கேட்டாளா?

— அதுதான் ஸுஹைறா எனக்குப் பத்தி எரியிது. பெத்த வாப்பா நான் உசிரோட ஏணில நிண்டு பல்ப் கட்றன். அவள் கீழ வந்து நிண்டு, "பெரியவாப்பாதான் சாட்சிக்கு இரிக்கோணும், அவர் இல்லாட்டி நான் இல்லதானே வாப்பா" எண்டு சொல்றாள்.

— அதுல என்ன பிழ? உள்ளதத்தானே சொன்னாள்.

— பாத்தியா, நீயும் அந்தப் பக்கம்!

— ஏணில நிண்டு சத்தம் போடாதீங்க, விழுந்து கிழுந்து போடுவீங்க. அந்தக் கயித்தையும் நேவிக் கட்டாக் கட்டி வச்சிரிக்கீங்க. கலியாணம் முடிய ஒருத்தராலயும் அவிழ்க்க ஏலா, கத்தியாலதான் அறுக்கோணும்.

— இருவது வருசத்துக்கு மேல கப்பல்ல கட்டின கை. கட்டக் குற சொல்லாத.

— ஹரி ஹரி, உங்கட நேவிச் சிங்களத்துலயே சரி. இறங்குங்க.

— நக்கலா? கேளு. நான் கடல்லயே கிடந்தவன். சுனாமியண்டு திருமலையில எத்தின பேர வள்ளத்துல ஏத்தினன். ஆர்ர ஆர்ர புள்ளையோ இந்தக் கையால தூக்கினன். அண்டைக்கு என்ட புள்ளயத் தூக்கினது ஆரு? நீந்தத் தெரியாத ஒரு தறிக்காரன்! ஊர்ல எவன் என்னக் கண்டாலும் அதத்தான் சொல்றான். முடி வெட்டப் போனாலும் அதுதான், மீன் வாங்கப் போனாலும் அதுதான். "சீஃப், மீரா காக்கா மாதிரி ஒரு மனிசனக் காண ஏலா, தண்ட புள்ளய உட்டுப்போட்டு உங்கட புள்ளயத் தூக்கினவரு" எண்டு. மௌத்தாகி மண்ணுக்குள்ள போகு மட்டும் நான் இதக் கேட்டுக்கிட்டுத் திரியோணுமா?

— ஊர் வாய மூட நம்மளால ஏலுமா?

— உங்கட ஊர்தானே. நான் சம்மாந்துறையில இருந்து மருதமுனைக்கு மாப்புளயா வந்தவன். வீடு உன்ட சீதன வீடு. லீவுக்கு வந்தா புள்ள என்னக் கண்டு அழுவாள். அவனக் கண்டா, பெரியவாப்பா எண்டு முழுசாச் சொல்லவும் பொறுமையில்லாம "வாப்பா, வாப்பா" எண்டே ஓடுவாள். நான் பேக்கோட வாசல்ல நிப்பன்.

— வந்ததும் வராததுமா புள்ளய நிப்பாட்டி வச்சி நகம் பாத்தா அழாம என்ன செய்யும்? வீடா அது, கப்பலா? இப்ப உங்களுக்குத்தானே தேத்தண்ணி ஊத்தித் தாறாள்.

— தேத்தண்ணி! நாளைக்கு வலியா, பொறுப்புக்காரனா இருந்து புள்ளயக் கட்டிக் குடுக்கிறது நான். அந்த ஒரு இடத்துலதான் அவனுக்கு உரிம இல்ல. அதுலயும் கொண்டுவந்து அவனப் பக்கத்துல இருத்தினா சபை ஆரப் பாக்கும்? நான் மெடலெல்லாம் குத்திக்கிட்டு இருந்தாலும் அவனத்தான் பாக்கும்.

— நிக்காஹ் மஜ்லிஸுக்கு மெடலா? இந்த வயசுல இப்பிடியொரு எரிச்சலா உங்களுக்கு?

— ஓம், எரிச்சல்தான்! வாயத் திறந்தே சொல்றன். எரிச்சல்தான்.

— சரி. அவர் என்ன சொன்னாரு? கவலப்பட்டாரா?

— அதுதான் எனக்கு இன்னும் விசர். மனிசன்ட முகம் தெளிஞ்சி போச்சி! "அல்ஹம்துலில்லாஹ்" எண்டு என்ட ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டான். "நல்ல காரியம் செஞ்சீங்க மர்சூக் தம்பி" எண்டான். நான் சண்டைக்குப் போறன், அவன் எனக்கு துஆச் செய்றான்.

— அப்பிடியா சொன்னாரு...

— ஏன் மூஞ்சிய அங்கால திருப்புறாய்?

— வயரு காலுல மாட்டுது.

— வயரு அங்க கிடக்கு, உன்ட கால் இஞ்ச கிடக்கு. ஸுஹைறா, இத்தின காலமும் தொண்டைக்குள்ள கிடக்கிற ஒண்டக் கேக்கப் போறன்.

— வேணாம். விடிஞ்சா நிக்காஹ். மகள் உள்ள மருதோண்டி போட்டுக்கிட்டு இரிக்காள்.

— மெதுவாத்தான் கேக்கன். அவன் உன்ட மாமி மகன். நான் வர முந்தி உன்னக் கேட்டு வந்தவன் அவன்தானே?

— உம்மா வேணாம் எண்டுட்டா. அந்தக் கத அதோட முடிஞ்சி. அவரும் கலியாணம் முடிச்சி, அவருக்கும் ஸப்னா பொறந்திட்டாள்.

— ஓம், ஸப்னா. நம்மட புள்ளட வயசு. பேரையும் சோடியா வச்சீங்க, அப்னா ஸப்னா எண்டு. ரெண்டும் ஒரே கடக்கரையிலதானே நிண்டிச்சி? அப்னா கரையேறினாள், ஸப்னா மய்யித்தாத்தான் கிடைச்சாள்.

— அத ஏன் இப்ப...

— எந்த வாப்பாவாவது தண்ட புள்ளய உட்டுப்போட்டு மத்தவன்ட புள்ளயத் தூக்குவானா? ஊரு அவன வலியுல்லாஹ்வாக்கி, பெரிய மகானாக்கி வச்சிரிக்கு. எனக்கு ஊரு தேவல்ல. நான் தூக்கமாட்டன். ஒருத்தனும் தூக்கமாட்டான். அவன் ஏன் தூக்கினான் தெரியுமா? என்ட புள்ள எண்டதால இல்ல. உன்ட புள்ள எண்டதால!

— அஸ்தஃபிருல்லாஹ்! வாயக் கழுவுங்க!

— கழுவிறன். நீ மறுமொழி சொல்லு. அதுக்குப் பொறகு ஒரு பெருநாளைக்கு இந்த வாசப்படி மிதிச்சிரிக்கானா? துணி மட்டும் வருது. அப்னா சலாம் சொல்லப் போனா, முகத்தப் பாக்காம தலையில கைய வச்சிட்டு உள்ள போறான். நெஞ்சுல குத்தமில்லாட்டி ஏன் ஒளிக்கான்?

— இறங்கி வாங்க. இதுல இருங்க. இத நான் இண்டு வரைக்கும் ஆருக்கும் சொல்லல்ல. அவர்ர பொண்டாட்டிக்கும் தெரியா. அல்லாஹ்வுக்காக, அப்னாட காதுக்கு இது போகப்படாது.

— சொல்லு.

— சுனாமி வந்த வருசம் நோன்புப் பெருநாளைக்கு அவர்ர தறியில நெசவு செஞ்ச மஞ்சத் துணி தந்தாரு. ஒரே துணியில ரெண்டு புள்ளைக்கும் ஒரே மாதிரிச் சட்ட நான்தான் தெச்சன். சுனாமியண்டு காலையிலயும் ரெண்டும் அதத்தான் போட்டுக்கிட்டு நிண்டதுகள்.

— அதுக்கு?

— நான் பள்ளி மேல்மாடியில நிக்கன். கீழ எல்லாம் கறுப்புத் தண்ணி. அவரு படியால ஏறி வாறாரு, புள்ளய நெஞ்சோட இறுக்கிக்கிட்டு, "பயப்படாத மகள், வாப்பா இரிக்கன், வாப்பா இரிக்கன்" எண்டு சொல்லிக்கிட்டே வாறாரு. நிலத்துல கிடத்தி, சாரன் தலப்பால மூஞ்சில இருந்த சேத்தத் தொடச்சாரு. தொடச்சிட்டுப் பாத்தாரு. பாத்திட்டு என்னட்டத்தான் கேட்டாரு: "ஸுஹைறா, இது உன்ட மகள்... ஸப்னா எங்க?"