கட்டிலில் இருப்பவரைக் கேளுங்கள்

நேரத்துக்கு வந்துவிட்டு, அதற்காகவே வருந்திக்கொண்டிருக்கும் அவைத்தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, முன்வரிசைப் பெரியோர்களே, பெண்ணைச் செவிலியாக்கிவிட்டுத் தங்கள் காய்ச்சலைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் தாய்மார்களே, இரவுப் பணி முடித்து, இங்கே உறங்கலாம் என்று நம்பி வந்திருக்கும் என் சக செவிலியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் வார்டின் தங்கை அயல்நாடு சென்று, பட்டம் பெற்று, அங்கேயே பணியில் அமர்ந்து, இதோ விடுமுறையில் வந்திருக்கிறாள். அவள் ஊசி போட்டால் எறும்பு கடித்தது போலத்தான் இருக்கும். எனவே அவளை ‘எறும்பு’ என்றே அழைத்தோம். இத்தனை ஆண்டு ஊசி போட்ட எறும்பு ஏன் மறுபடி வகுப்பில் உட்கார்ந்தது? நாம் பெற்ற பட்டயம் செல்லாதா? செல்லும். கடற்கரை வரை செல்லும்.

பாடத்தில் அவள் தோற்கவில்லை. தோற்றது செய்முறைத் தேர்வில். கட்டிலில் நோயாளியாக நடிக்கும் ஒரு பெரியவர். பக்கத்தில் மகளாக நடிக்கும் ஒரு பெண். நம்மவள் கை கழுவினாள், கனிவாகச் சிரித்தாள், மகளைப் பார்த்து, “அப்பாவுக்கு வலி எப்படி இருக்கு?” என்றாள். தேர்வாளர் பேனாவை மூடிவிட்டார்.

அன்று தொலைபேசியில் அழுதாள். “அக்கா, இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான். அதுவும் போச்சுன்னா படிப்பும் போச்சு, விசாவும் போச்சு. பிள்ளையை விட்டுட்டு வந்தவ, எந்த மூஞ்சியோட திரும்புவேன்?”

“அப்படி என்னடி தப்பு பண்ணின?”

“பொம்மையை வச்சுப் பயிற்சி கொடுத்தப்போ பொம்மைகிட்ட எல்லாம் கேட்டேன்க்கா. உசிரோட மனுஷன் படுத்திருந்தப்போ அவரைக் கேட்கல.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நம் வார்டில் யாரைக் கேட்கிறோம்? சாப்பிட்டாரா என்று மனைவியைக் கேட்கிறோம். தூங்கினாரா என்று மருமகனைக் கேட்கிறோம். நடுவில் நோயாளி வாய் திறந்தால்? “ஐயா, நீங்க பேசாம படுங்க, வீட்டுக்காரங்க சொல்லட்டும்” என்கிறோம். பின்வரிசையில் ஒரு தங்கை, ‘நேரம் எங்கேக்கா இருக்கு?’ என்கிறாள். நியாயம்தான். மருமகனைக் கேட்கவும் அதே நேரம்தானே ஆகிறது?

இரண்டாம் தேர்வு. அதே கட்டில், வேறு பெரியவர். “எனக்கு ஊசி வேண்டாம்” என்றார். வேண்டாம் என்பவர்களுக்கு ஊசி போடுவதில் நம்மவளுக்கு இணை உண்டா? வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். அன்று ஊசியைத் தட்டில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.

“ஏன் வேண்டாம்ங்கிறீங்க?”

“எதுக்குன்னு யாருமே சொல்லலையே.”

சொன்னாள். முழுவதையும் கேட்டுக்கொண்ட பெரியவர், “அப்பவும் வேண்டாம்” என்றார்.

“சரிங்க. டாக்டர்கிட்ட சொல்லிடறேன்.”

தேர்வு நேரம் முடிந்து மணி அடித்தது.

“ஊசியே போடலக்கா. பெட்டியைக் கட்டறேன்” என்றாள் என்னிடம். கட்டிய பெட்டியை மறுநாள் பிரித்தாள். தேர்ச்சி.

அன்பர்களே, மருந்து தருகிறோம், மாத்திரை தருகிறோம், மறுவாழ்வே தருகிறோம். மறுமொழி சொல்ல ஒரு வாய்ப்புத் தருகிறோமா?

சென்ற வாரம் எறும்பு நம் வார்டுக்கு வந்தாள். ஓர் அம்மாளின் கட்டிலருகே நின்று, “எப்படி இருக்கீங்க?” என்றாள். மகன் பதில் சொன்னார். அவருக்குத் தலையசைத்துவிட்டு, அவள் அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாள் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாக, “என்னையா கேட்கிறே?” என்றார்.

அந்தக் கேள்வி இனி எந்தக் கட்டிலிலிருந்தும் எழக் கூடாது.

நாளைக் காலை உங்கள் முதல் வணக்கத்தைப் படுத்திருப்பவருக்குச் சொல்லுங்கள். இப்போது, உறங்காமல் கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும்.