மெதுவாக் கூப்பிட்டா கேக்குற தூரம்

...பந்திக்கு இலை போட இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்னு சமையல்காரர் கண்ணைக் காட்டிட்டார். அந்த நேரத்துக்கு அளவா எங்கிட்ட ஒரு குட்டிக் கதை இருக்கு. மாப்பிள்ளை, பொண்ணு... ரெண்டு பேரும் கேளுங்க. மத்தவங்களும்தான்.

எங்க எதிர்வீட்டுல சென்னியப்பன்னு ஒரு பெரியவர். சத்தியமங்கலம் பக்கம் நூல் மில்லுல வேலை பார்த்தவர். அவர் சம்சாரம் பாவாயம்மா, மலைமேல ஒரு ஊர்க்காரங்க.

கல்யாணம் முடிஞ்ச கையோட மறுவீட்டுக்கு மலைக்குப் போயிருக்காங்க. திரும்புற அன்னிக்கு பஸ் வரலை. ராத்திரி மழையில ரோடு சரிஞ்சு போச்சு. அவருக்கோ மறுநாள் காலையில ஷிப்ட். புதுசா சேர்ந்த வேலை... போகலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. என்ன பண்றது? பழைய காட்டுப்பாதை இருக்கு. நடந்தா பொழுது சாயறதுக்குள்ள வீடு சேர்ந்துடலாம். கிளம்பிட்டாங்க.

காட்டுக்குள்ள நுழையும்போது அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணு. "யானை இருக்கிற காடு. சத்தம் போடாம வா."

அப்புறம் மனுஷன் விறுவிறுன்னு நடக்கிறார். முன்னாடி அவர்... பின்னாடி அந்தப் புள்ளை. பாதையில யானை லத்தி கிடக்கு, இன்னும் ஆவி அடங்கலை. அதைப் பார்த்ததும் இன்னும் வேகம். ஓடை வந்துது. குனிஞ்சு ரெண்டு கை தண்ணி அள்ளிக் குடிச்சிட்டு, "நீயும் குடி"ன்னு திரும்புறார்...

பின்னாடி யாரும் இல்லை.

எப்படி இருந்திருக்கும்? நினைச்சுப் பாருங்க. கத்திக் கூப்பிடவும் பயம். வந்த வழியே மேட்டுல ஏறி ஓடுறார். ஒரு வளைவு... இன்னொரு வளைவு... அங்க ஒரு பாறை மேல உக்காந்திருக்கு அந்தப் புள்ளை. காலைச் சேலையால மூடி வெச்சிருக்கு.

இவருக்கு வந்த பயமெல்லாம் கோபமா வெளிய வருது. "ஒரு குரல் குடுக்க வேண்டாமா?"

"குடுத்தனுங்க. ரெண்டு தடவை ஏனுங்கன்னு கூப்பிட்டனுங்க. சத்தம் போடக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க... அதான் மெதுவாக் கூப்பிட்டேன்."

சேலையை விலக்கிப் பார்த்தா, புது மெட்டி விரலை அறுத்து ரத்தம்.

"கழட்டறதுதானே?"

"எப்படிங்க கழட்டறது? போட்டு ஒரு வாரம் ஆகலையே."

அவர் தோள்ல கிடந்த துண்டைக் கிழிச்சார். கீழ உக்காந்தார். "ஐய, வேண்டாமுங்க"ன்னு அது காலை இழுத்துக்குது. விடலை. மெட்டிக்கும் விரலுக்கும் நடுவுல துணியைக் குடுத்துச் சுத்திக் கட்டினார். எந்திரிச்சுச் சொன்னார்: "இனி நீ முன்னாடி போ. உன் நடைக்கு நான் வர்றேன்."

"அதுக்கப்புறம்தான் தம்பி, நான் அந்தக் காட்டையே பார்த்தேன்"னு சொல்வார். ஒரு நெல்லி மரத்தடியில அந்தப் புள்ளை நின்னுச்சு. ரெண்டு பேரும் காய் பொறுக்கித் தின்னுட்டு ஓடைத் தண்ணி குடிச்சாங்க... தண்ணி இனிச்சிருக்கு. அங்கதான் முதல் முதலா அது சிரிச்சுப் பார்த்தாராம். தூரத்துச் சரிவுல யானைக் கூட்டம் குட்டியோட போச்சு. அப்போ யாரு கையை யாரு முதல்ல பிடிச்சாங்கங்கறதுல இன்னிக்கும் ரெண்டு பேருக்கும் சண்டை.

கீழ இறங்கியாச்சு. மஞ்சள் காடு, வாய்க்கால் வரப்பு. களை எடுத்துக்கிட்டிருந்தவங்க பார்த்துட்டாங்க. "அடியே, பொண்டாட்டி பின்னால புருஷன் வர்றான் பாரு"ன்னு சிரிப்பு. அது சட்டுனு ஒதுங்கி நின்னு, "நீங்க முன்னாடி போயிடுங்க"ங்குது.

"சிரிக்கட்டும். நீ நட."

வீடு சேரும்போது தெருவுல விளக்கு வெச்சாச்சு.

போன மாசம் பேரன் ரெண்டு பேரையும் கார்ல மலைக்குக் கூட்டிட்டுப் போனானாம். அந்தப் பாதை இப்போ இல்லை. உண்ணிச்செடி மூடிக் கிடக்காம். திரும்பி வந்து எங்கிட்ட சொல்றார்: "எத்தனையோ நாள் வாழ்ந்தாச்சு தம்பி. ஒரே ஒரு நாளைத் திருப்பித் தர்றேன்னு யாராச்சும் சொன்னா... நான் அந்த நாளைத்தான் கேப்பேன்."

உள்ளேயிருந்து பாவாயம்மா குரல்: "கேப்பீங்க, கேப்பீங்க. வலிச்சது எனக்குங்க."

எதுக்கு இதைச் சொல்றேன்? வேகமாப் போறது தப்பில்லைங்க. அவர் யாருக்காக ஓடினார்? பொழப்புக்காகத்தானே... குடும்பத்துக்காகத்தானே? நாமளும் அப்படித்தான் ஓடுறோம். ஆனா கூட வர்றவங்க எல்லாரும் கத்திக் கூப்பிட மாட்டாங்க. சில பேர் ரெண்டே தடவைதான் கூப்பிடுவாங்க... அதுவும் மெதுவா. அது காதுல விழற தூரத்துல நாம இருக்கணும்.

மாப்பிள்ளைக்கு மட்டும் சொல்லலை. தாயி... உனக்கும்தான். ஆம்பளைங்களும் சில நேரம் மெதுவாத்தான் கூப்பிடுவாங்க.