தாமஸ் எந்த ஊர்க்காரன்?

— தாமஸ் ஈஸ் எ மேன் ஆப் கிரேட் கரேஜ். ஹி லெப்ட் ஹிஸ் ஒய்ப் மார்த்தா. மோர்ஓவர்... மோர்ஓவர்... ஐயோ சாமி, போச்சு சசிக்கா. மோர்ஓவர் வந்தா அங்கயே நின்னுடுது.

— நிக்காம என்ன பண்ணும்? இத பாரு காவேரி, மோர்ஓவர்னா என்ன அர்த்தம்?

— அர்த்தமா? கைடுல போட்டிருந்துச்சு, நான் படிச்சேன்.

— சரி, தாமஸ் எதுக்குப் பொண்டாட்டிய வுட்டுட்டுப் போனான்? அதாச்சும் தெரியுமா?

— அது ரெண்டு மார்க்குக் கேள்விக்கா. நான் அஞ்சு மார்க்கு மட்டுந்தான் படிச்சேன்.

— நல்லாருக்குது. நாளன்னிக்கு இங்கிலீஷ் பரீட்ச. பதினஞ்சு வருசம் கழிச்சுப் புஸ்தகத்தத் தொட்டு, ஊரு சிரிக்கச் சிரிக்கப் பிரைவேட்டா பிளஸ் டூ எழுதறோம். இதுல பெயிலானா அங்கன்வாடியில நீ கடைசி வரைக்கும் ஹெல்பருதான். டீச்சர் வேல கெடைக்காது.

— அதான் விடியக்காலைல எந்திரிச்சு மனப்பாடம் பண்றனே!

— பண்ணி? டுட்டோரியல் டெஸ்டுல, ஆத்தப் பத்தி ஒரு பாட்டு இருக்குதே, அதுலருந்து கேள்வி வந்துச்சு. நீ தாமஸ் கதைய எழுதி வெச்சுட்டு வந்த.

— தெரிஞ்சது அது ஒண்ணுதான்க்கா. சும்மாவும் எழுதல. தாமஸ் ஆத்தத் தாண்டிப் போனான்னு நானா ஒரு வரி சேத்தேன்.

— அந்த ஒரு வரிக்குத்தான் சாரு அர மார்க்கு போட்டாரு. நீயா எழுதுனது அது ஒண்ணுதான்!

— நீ மட்டும் எப்பிடிக்கா படிக்கற?

— நான் எங்க படிக்கறேன்? ஊர்வம்பு பேசறேன். போன வாரம் பூரா உங்கூட போன்ல என்ன பேசுனேன்? தாமஸ் பேச்சுதான? இது நம்ம தெருவுல மூணாவது வூட்டுல நடந்ததுன்னு நெனச்சிக்க. யாரு, எதுக்குப் போனான், அவ என்ன பண்ணா, அது ஞாயமா. மொதல்ல தமிழ்ல சொல்லு. அப்பறம் சின்னச் சின்னதா இங்கிலீஷுல சொல்லு. தப்பு வந்தா வருட்டும். கைடு எழுதுனவன் வாக்கியந்தான் மறக்கும், உன்னுது மறக்காது.

— தமிழ்லன்னா சொல்லிருவேன். தாமஸ் ஒரு குடியானவன். சந்தைல குதிர வாங்கியாரேன்னு போனான். ஏழு வருசமா ஆளக் காணோம். மார்த்தா தெனமும் ராத்திரி அவனுக்கும் ஒரு தட்டு எடுத்து வெக்கறா. அந்தச் சோத்த காலைல நாய்க்குக் கொட்டறா. ஒரு நாளு வெளிய பனி கொட்டுது, வந்து கதவத் தட்டறான். இவளும் தொறந்துட்டா.

— பாத்தியா, எங்கயும் நிக்கவே இல்ல! இப்ப அஞ்சு மார்க்கு. மார்த்தா கதவத் தொறந்தது சரியா, தப்பா?

— தப்பு.

— தப்புன்னா பாடத்துலருந்து காரணம் காட்டணும். மூணாச்சும் வேணும்.

— ஏழு வருசமா ஒரு கடுதாசி இல்ல. வந்து நின்னவன் மன்னிச்சிக்கன்னு சொல்லல, பசிக்குதுன்னான். மூணாவது... மூணாவது பாடத்துலருந்து வரலக்கா. எங்கூட்டுலருந்துதான் வருது.

— அழுவாத. அதப் பேப்பர்ல எழுதிடாத.

— எங்கூட்டுக்காரரு போயி ரெண்டு வருசமாச்சு. ஓசூர்ல கம்பெனி வேலைல இருக்காருன்னு மாரண்டஹள்ளி பூராத் தெரியும். எனக்கு ஒரு போனு பண்ணல.

— சசி! ஏய் சசி! அந்தத் தாமஸ் எந்த ஊர்க்காரன்? இப்பவே எனக்குத் தெரிஞ்சாகணும்!

— ஏங்க, தக்காளி லோடு எறக்கிட்டு வந்ததும் வராததுமா என்னங்க கேள்வி இது?

— வெளயாடாத. ஒரு வாரமா நீ போன்ல பேசறதக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன். வுட்டுட்டுப் போயிட்டான், அவ தெனமும் தட்டு எடுத்து வெக்கறா, பாவம்னு பேசற. பேசறது யாருகூட? காவேரிகூட. எனக்கு வெளங்காதா? அவ வூட்டுக்காரன் பேரச் சொல்லச் சங்கடப்பட்டுத் தாமஸ்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்.

— மாதவராஜண்ணா, அது பிளஸ் டூ பாடம்ணா!

— பாடமா?

— ஆமாண்ணா, நாலாவது பாடம்.

— அட கடவுளே. ஏம்மா காவேரி, அப்ப நீ ராத்திரியில அவனுக்குத் தட்டு எடுத்து வெக்கறதில்லயா?

— நான் கழுவறதே ஒரு தட்டுதாண்ணா.

— பனியில நின்னு வழியப் பாக்கறது?

— பங்குனி மாசம் நம்மூர்ல ஏதுண்ணா பனி?

— அவனும் இதத்தான் கேட்டான்.

— எவன்? ஏங்க, எவன் கேட்டான்? என்ன பண்ணித் தொலச்சீங்க?

— கேளு. ஓசூர் மார்க்கெட்டுல லோடு எறக்குன கையோட காவேரி வூட்டுக்காரன் சென்னப்பன் வேல பாக்கற கம்பெனி வாசலுக்குப் போயிட்டேன். ஏண்டா, ஏழு வருசம் ஆச்சேடான்னேன். ரெண்டு வருசந்தாண்ணாங்கறான். அவளுக்கு ஏழு மாதிரி இருக்குதுடான்னேன். பனியில நிக்கறாடான்னேன். நம்மூர்லயாண்ணாங்கறான். காலம் கெட்டுப் போச்சுடான்னு சமாளிச்சேன். அப்பறந்தான் தட்டு விசயத்தச் சொன்னேன்.

— சொன்னதும்?

— எனக்கா எடுத்து வெக்கறா, எனக்கான்னு கேட்டுக்கிட்டே ரோட்டோரமா உக்காந்துட்டான், சசி. அத்தினி பேரு பாக்கறாங்க, தேம்பித் தேம்பி அழுவறான்.

— அப்பறம்?

— டெம்போவுல ஏத்திக்கிட்டு வந்துட்டேன். ராயக்கோட்டைகிட்ட வரப்ப, எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வர்றதுன்னு எறங்கப் பாத்தான். நான் வண்டிய நிறுத்தல. வாசல்ல நிக்கறான்.

— நம்ம வாசல்லயா? காவேரி, நீ எங்க எந்திரிக்கற? வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. இவரு கூட்டியாந்த மாதிரியே கொண்டு போயி வுட்டுட்டு வருவாரு.

— ஆமாம்மா, உன் இஷ்டந்தான். டீசல் போனாப் போவுது.

— இருங்கண்ணா. நானே கேக்கறேன். இங்கிலீஷுலயே கேக்கறேன். பன்னண்டு படிச்சவருன்னு அவருக்குப் பவுசு. உனக்கு ஏபிசிடி தெரியுமான்னு எத்தினி தடவ சிரிச்சிருக்காரு.

— ஐயோ, இவ பரீட்சைய இங்கயே ஆரம்பிச்சிட்டாளே!

— ஏங்க, வெளிய நிக்கறவரே! கேக்குதா? ஒய் யூ வென்ட்?

— காவேரி... ஒய் டிட் யூ கோன்னு கேக்கணும்.

— அதத்தான் கேக்கறேன். உள்ள வந்து பதில் சொல்லுங்க.