கதவு மூடுற ஒரே ரூம்

இல்ல டாக்டர், சிகரெட்ட ஒரு நாள்கூட வாயில வெச்சதில்ல. நுரையீரல் இப்படியே போனா தாங்காதுங்கறீங்க, சட்டையிலயும் வாடை அடிக்குது, நீங்க எப்படி நம்புவீங்க? என் பொண்டாட்டியே நம்பல. வெளிய உம்முன்னு உக்காந்திருக்காளே, அவதான்.

நான் புகையிலைத் தடுப்பு அதிகாரி டாக்டர். சிரிக்காதீங்க, நெஜமாவே.

கொள்கைன்னு ஒண்ணு மேலேருந்து வந்துச்சு. ஆபீஸ்ல கண்ட எடத்துல புகைக்கக் கூடாது, நாலு சுவரும் மூடுற கதவும் உள்ள தனி ரூம்லதான் புகைக்கணும்னு. அமல்படுத்த வேண்டியது நான். கட்டடம் பூரா சுத்துனேன். எங்க பாத்தாலும் இடுப்பளவு தடுப்பு, பாதிக் கதவு. கணக்குப் பிரிவுல கதவே கெடையாது. ஒழுங்கா மூடுற கதவு ஒரே ரூம்லதான் இருந்துச்சு. என் ரூம்.

வேற என்ன பண்ணச் சொல்றீங்க? போர்டை நானே மாட்டுனேன். மேல புகையிலைத் தடுப்புப் பிரிவு, கீழ புகைக்குமிடம்.

ஜன்னலா? தொறக்கக் கூடாது டாக்டர். புகை வெளிய போனா விதிமீறல். ஒரு தடவ மூச்சு முட்டித் தொறந்துட்டு, எனக்கு நானே அபராதம் போட்டுக்கிட்டேன்.

சுவத்துல ரெண்டு நுரையீரல் படம் மாட்டியிருக்கேன், ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டது. இப்ப ரெண்டும் ஒரே நெறம். ஆபீஸ ஆய்வு பண்ண வந்த பெரிய அதிகாரி ஆகா ஓகோன்னு பாராட்டிட்டு, தீப்பெட்டி இருக்கான்னு கேட்டாரு.

ரூமை மூடச் சொல்லி மேல எழுதறதா? எதுக்கு டாக்டர்? அந்த அதிகாரமே என்கிட்டதான இருக்கு. நான் ஒரு கையெழுத்துப் போட்டா இன்னைக்கு சாயங்காலமே மூடிடலாம்.

ஏன் போடலன்னா... அது வந்து... அந்தப் போர்டு மாட்டுறதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா என் ரூம் பக்கம் ஒரு ஈ காக்கா எட்டிப் பாத்ததில்ல. புகையிலைத் தடுப்புன்னு படிச்சாலே சுத்திக்கிட்டுப் போயிருவாங்க. டீ கொண்டு வர்றவருகூட வாசல்லயே வெச்சுட்டு ஓடிருவாரு. நான் ஃபேனப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்.

இப்ப காலையில கதவத் தொறக்கறதுக்குள்ள டிரைவர் அண்ணன் வந்துடறாரு. சாப்டியாப்பான்னு கேக்கறாரு. டைப்பிஸ்ட் மகளுக்கு வரன் பாத்து முடிச்சது என் மேஜையில வெச்சுத்தான். போன மாசம் என் பொறந்த நாளுக்குக் கேக் வாங்கிட்டு வந்துட்டாங்க டாக்டர். புகையில மெழுகுவத்தியே தெரியல. எல்லாருமா இருமி இருமியே அணைச்சோம். எனக்கு அழுகையே வந்துருச்சு. புகைன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

புரியுது டாக்டர், நல்லாவே புரியுது. நானும் ஊர் ஊராப் போயி இதையேதான பேசிட்டு வர்றேன். மூடிடறேன். இந்த வாரம் மட்டும் வேணாம். டிரைவர் அண்ணன் ரிட்டயர் ஆகறாரு, அந்த நேரத்துல போயி கதவ மூடுனா நல்லாவா இருக்கும்?

திங்கக்கிழமையிலேருந்து கண்டிப்பா விட்டுடறேன்.