அன்னபாக்கியம் டீச்சர் கற்பித்த ‘ஸீ’

வெள்ளவத்தை கலைச்சோலைக் கல்வி நிலைய ஆங்கில ஆசிரியை
திருமதி அன்னபாக்கியம் சிவபாதசுந்தரம் அவர்களின் பணி நிறைவு நாளில், 1997

கரையோர ரயிலின் இரைச்சலுக்கும் குரல் தாழ்த்தாத கலைச்செல்வியே! அந்நிய மொழியின் அச்சம் அகற்றி அறிவூட்டிய அன்னையே! வணக்கம்.

வடக்கிலிருந்து வந்து, லொட்ஜ் அறைகளில் விசாவுக்குக் காத்திருந்த பிள்ளைகளுக்குத் தாங்கள் முதலில் கற்பித்தது ‘ஸீ’ (see) என்ற சிறு ஆங்கிலச் சொல். கண்ணால் காண்பதும் ஸீ, கருத்தால் விளங்குவதும் ஸீ. ஒருவரைப் போய்ச் சந்திப்பதும், அன்போடு வழியனுப்புவதும், எடுத்த காரியம் முடியும்வரை இருந்து பார்ப்பதும் அதுவே என்பீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லா என்று சலித்தவர்களை, “எங்கட ‘பார்’ மட்டும் என்னவாம்? பிள்ளையைப் பார், அடுப்பைப் பார், வேலையைப் பார்” என்று மடக்குவீர்கள்.

இம்மடலை எழுதும் கணித ஆசிரியன் பாலசுந்தரமாகிய நான், அச்சொல்லின் கடைசிப் பொருளை வகுப்பறையில் கற்கவில்லை. கொட்டாஞ்சேனைச் சுற்றிவளைப்பில் அகப்பட்டுப் பொலிஸ் நிலையத்தில் கிடந்தபோது, ஊரிலிருந்த என் அம்மாவுக்குச் செய்தி அனுப்பவும் வழியில்லை. தேடிவர ஒருவருமில்லை என்றே நம்பினேன். தாங்கள் வந்தீர்கள். “ஆளைக் கண்டுதான் போவன்” என்று தெரிந்த சிங்களத்தில் சொல்லிவிட்டு வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தீர்கள். துரத்தினார்கள், மறுநாளும் வந்தீர்கள், என்னை விடும்வரை வந்தீர்கள். வெளியே வந்த என்னிடம், “தம்பி, சாப்பிட்டனீரோ?” என்றதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. நான் அழுதுவிட்டேன். அதை இச்சபையில் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இனி எங்கள் மடத்தனம். முதலில் எழுதிய மடலைப் பொடி எழுத்தில் அச்சடித்து, பூங்கரை போட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும் வைத்துவிட்டோம். வர்த்தக ஆசிரியர் ஸாலிஹ் வந்து பார்த்தார். “டீச்சருக்குத்தான் கண்ணில வெண்படலம், எழுத்தே தெரியுதில்லையே. இதை யாருக்குக் குடுக்கப் போறீங்க?” என்றார். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இதைப் பெரிய எழுத்தில் எழுதி, அதே சட்டத்தில் வைத்து, இன்று வாசிக்கிறோம்.

வருகிற செவ்வாயன்று களுபோவில ஆஸ்பத்திரியில் தங்கள் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை. பிள்ளைகள் வெளிநாட்டில் என்பதால், தனியே போய்வருவேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அது நடக்காது, டீச்சர். கட்டு அவிழ்க்கும்வரை வெளி வாங்கில் நாங்கள் இருப்போம். துரத்தினால் மறுநாளும் வருவோம். பார்வை தெளிந்ததும் இச்சட்டத்தைத் தங்கள் கையில் தருவோம். தாங்களே வாசித்துப் பிழை திருத்தித் தாருங்கள்.

நோயின்றி, நிறைவோடு, நெடுங்காலம் வாழ்க! ஆளைக் கண்டுதான் போவோம்.

இங்ஙனம்,
பாலசுந்தரம், ஸாலிஹ், நேசமலர்
மற்றும் கலைச்சோலை ஆசிரியர்கள்