நானே ஊத்திக்குவேன்

“ஹலோ... ஆமாங்க, டீச்சர்தான் பேசறேன்... இல்ல இல்ல, தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்ல, பசங்க எல்லாம் போயாச்சு... சிட்டு அம்மாதானே?... குரல் ஏன் இப்படி இருக்கு?”

மாண்டிசோரி வகுப்பு ஓய்ந்து கிடந்தது. முழங்கால் முகவாயை இடிக்க, டீச்சர் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து மரக்கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து தரையில் மண்டியிட்டு மண்டியிட்டு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

“ம்... ம்... நாளையிலேர்ந்து அனுப்பலையா?... ஏங்க, என்னாச்சு?... ஷூவா?... ஆமா, கால் மாத்திப் போட்டுக்கிட்டுதான் வந்தா. பாத்தேன்... நான் சரி பண்ணி விடலீங்க. அப்புறம் அவளே கழட்டி, அவளே ஒழுங்காப் போட்டுக்கிட்டா... ஆமாங்க... ஆமா, வேடிக்கை பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அதுதாங்க என் வேலையே.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு வெடுக்கென்று விழுந்திருக்கும் என்று அவளுக்கு உறைத்தது. வேண்டுமென்று சொல்லவில்லை. அசதி.

“கோவிச்சுக்காதீங்க, சொல்லுங்க... எழுத்தா? வரும்... பக்கத்து வீட்டுப் பையன் நூறு வரைக்கும் சொல்றானா? நல்லதுதானே... எழுதுவாங்க. அதுக்கு முன்னாடி விரல்ல ஒரு பிடி வரணும். மணி கோத்து, பட்டன் போட்டு...”

எத்தனையோ பெற்றோரிடம் ஒப்பித்துத் தேய்ந்துபோன பதில். தன் குரலே தனக்குச் சலித்தது.

“ஹலோ?... இருக்கீங்களா?... அழறீங்களா என்ன?”

கையிலிருந்த கட்டையைத் தரையில் வைத்தாள்.

“மெதுவாச் சொல்லுங்க, நான் எங்கயும் போகல... நேத்து சாயங்காலமா?... ம்... ஊட்டப் போனீங்க... ஸ்பூனைப் பிடுங்கிக்கிட்டாளா... ‘நீ போ’ன்னா சொன்னா?... ம்... தெரியும்ங்க, எவ்வளவு ஏங்கிப் பெத்த பிள்ளைன்னு. இவளுக்காக வேலையையும் விட்டீங்க... ஆமா, சொல்லியிருக்கீங்க... அப்போ நான் எதுக்குன்னா கேக்கறீங்க?”

குழந்தை தானே செய்யட்டும், பெரியவர்கள் விலகி நில்லுங்கள் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். விலகி நிற்கிற அம்மாவுக்கு எங்கே வலிக்கும் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

“எனக்குத் தெரியலீங்க... நெஜமாத்தான் சொல்றேன். சமாதானத்துக்கு ஏதாவது சொல்லலாம், அது பொய்யாப் போயிடும்... இல்லீங்க, உங்க மேல தப்பில்ல. அவ மேலயும் இல்ல... வலிக்கத்தான் செய்யும்... சரிங்க. நிறுத்தறதுன்னா நிறுத்திக்கோங்க. நான் தடுக்க மாட்டேன்... அவ துணிமணியெல்லாம் எடுத்து வைக்கறேன்...”

மல்லுக்கு நிற்க இன்றைக்குத் தெம்பு இல்லை. வைத்துவிட்டால் போதும் என்றிருந்தது.

“என்னங்க?... இப்பவா?... ஸ்டூல் மேல ஏறிட்டாளா?... எதை எடுக்கறா?... கண்ணாடி ஜாடியா... வெறும் தண்ணிதானே? பக்கத்துல அடுப்பு எதுவும் எரியலையே?... கத்தாதீங்க, கத்தினா பயத்துலயே போட்டுடுவா... எட்டிப் பிடிக்கற தூரத்துல போய் நில்லுங்க. தொடாதீங்க... ம்... ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்காளா?... அப்படித்தான்... ஊத்தறாளா?... ம்... விடுங்க, கொஞ்சம் சிந்தினா சிந்தட்டும்...”

டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி சிதறிய சத்தம் அவள் காதிலேயே விழுந்தது.

“உடைஞ்சிடுச்சா?... ஹலோ! எறங்கிட்டாளா?... வெறுங்கால்லயா?... ஐயோ, எங்கிட்ட என்னங்க பேச்சு? போங்க! போய்த் தூக்குங்க!”

அங்கே போன் எதன் மேலோ விழுந்தது. இணைப்பு அறுபடவில்லை. குழந்தை வீறிட்டது. அம்மாவின் வீட்டுச் செருப்புக்கடியில் கண்ணாடி நொறுங்கியது. டீச்சர் எழுந்துவிட்டாள். நில்லுங்கள் என்று சொன்னது அவள்தானே! குழந்தையின் காலில் குத்தியிருந்தால்? பிறகு அந்த அழுகை அமுங்கியது, தோளில் முகம் புதைத்த மாதிரி. அம்மா எதையோ தணிந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். வார்த்தை பிடிபடவில்லை. அழுகை விக்கலாக இறங்கியது.

“ஹலோ... ஆமா, இருக்கேன்... கால்ல பட்டுதா? நல்லாப் பாத்தீங்களா?... அப்பாடா... என்னைத் திட்டுங்க, நான்தானே நில்லுங்கன்னேன்... ம்?... கழுத்தைக் கட்டிக்கிட்டு எறங்கவே மாட்டேங்கறாளா?... எறக்காதீங்க... ஐயோ, அதெல்லாம் தப்பே இல்ல, அதுக்கு என்னைக் கேக்கணுமா? அவ போதும்ங்கற வரைக்கும் வெச்சிருங்க... நாளைக்கா?... நாளைக் கதையை நாளைக்குப் பாத்துக்கலாம்...”

அவள் மறுபடி நாற்காலியில் சரிந்தாள்.

“என்ன கேக்கறா?... தண்ணியா? பாவம், இன்னும் குடிக்கவே இல்லையா!... குழாய்லேர்ந்து பிடிச்சு நீங்களே குடுங்க... என்னது?... அவதான் பிடிப்பாளாமா?... இடுப்புல உக்காந்துக்கிட்டேவா!... சிரிக்கறீங்களா?... சிரிங்க, சிரிங்க... அப்படியே சாஞ்சு குழாய்கிட்ட காட்டுங்க... தம்ளரை நீங்க கீழேர்ந்து லேசாத் தாங்கிக்கோங்க, அவளுக்குத் தெரிய வேண்டாம்... ஹலோ?... ஹலோ?”

ஒரு கையில் பிள்ளை, ஒரு கை தம்ளருக்கு அடியில். போனைப் பிடிக்க அங்கே கை இல்லை போலும். கட்டாகிவிட்டது.